நின்றால் வலி, படுத்தால் இல்லை: தண்டுவட நீர்க் கசிவை ஸ்கேனில் தேடுவது எப்படி?

“எந்திச்சு நின்னா மண்டை இடிக்கி டாக்டர். படுத்தா செத்த நேரத்துல போயிருது.”

தலைவலி என்று வந்தவர் இப்படிச் சொன்னால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும். நம் பக்கம் பெரும்பாலும் நடப்பது வேறு. வலி பின்மண்டையிலும் பிடரியிலும் பிடிப்பதால் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை மாட்டி அனுப்பிவிடுவார்கள். குமட்டலும் சேர்ந்தால் ஒற்றைத் தலைவலி, காது அடைத்தால் சைனஸ், பார்வை இரண்டாகத் தெரிந்தால் கண்ணாடி. முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ சுளவை மடியில் வைத்து நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிற பெண் என்றால் கேட்கவே வேண்டாம். “குனிஞ்சே இருந்தா கழுத்து வலிக்காம என்ன செய்யும்?” என்று வீட்டிலேயே தீர்ப்பு வந்துவிடும். அவரிடம் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “மத்தியானம் ஒரு மணி நேரம் தலையணை இல்லாம மல்லாந்து படுத்தா வலி எப்படிம்மா இருக்கு?”

நின்றால் வந்து படுத்தால் போகிற தலைவலி எல்லாமே கசிவுதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தண்டுவட நீர்க் கசிவை நினைத்துப் பார்க்காமல் தள்ளிவிடக் கூடாது.

மூளையும் தண்டுவடமும் நீரில் மிதக்கின்றன. தெளிந்த, நிறமற்ற அந்த நீரை ஆஸ்பத்திரியில் சிஎஸ்எஃப் என்பார்கள். வளர்ந்த ஒருவரின் உடம்பில் எந்த நேரமும் இருப்பது ஏறத்தாழ 150 மில்லிதான். ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது, அதே அளவு ரத்தத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வெளியே எடுத்து நிறுத்தால் 1,400 கிராம் இருக்கிற மூளை, இந்த நீருக்குள் இருக்கும்போது 50 கிராம் அளவுக்கே கனக்கிறது. நீரைச் சுற்றி டியூரா என்கிற கெட்டி உறை, மண்டையோட்டிலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை ஒரே பையாக இறங்குகிறது.

முதுகுப் பக்கம் இந்த உறையில் எங்காவது பொத்தல் விழுந்து நீர் ஒழுகினால் இரண்டு காரியம் நடக்கும். நிற்கும்போது மூளைக்குத் தாங்கல் குறைந்து கீழே தொய்யும். வலி உணரும் சவ்வும் ரத்தக் குழாயும் இழுபடும். படுத்தால் அந்த இழுவை விட்டுப்போகும். இரண்டாவது, மண்டையோடு மூடிய பெட்டி. அதில் நீர் குறைந்த இடம் காலியாக நிற்க முடியாது, ரத்தம் வந்து நிரப்பும். சிரைகள் புடைக்கும், உறை ரத்தம் கோத்துத் தடிக்கும். இந்த இரண்டாவது காரியத்தை மனதில் வைத்துக்கொண்டால், மூளை ஸ்கேனில் டாக்டர்கள் எதைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள் என்பதில் பாதி புரிந்துவிடும்.

மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டுவதும் இதே நீர்தானே என்று கேட்கலாம். நீர் அதேதான். ஆனால் அது மண்டையோட்டின் அடித்தளத்தில் விழும் ஓட்டை. அதற்குச் சோதனைகள் வேறு, மூளைக்காய்ச்சல் ஆபத்து அதிகம், போக வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். இங்கே பேசுவது முதுகில் ஒழுகுவதை மட்டும்.

முதுகில் ஓட்டை விழ எல்லோருக்கும் தெரிந்த காரணம் ஊசி. சிசேரியனுக்கு முதுகில் மரத்துப்போக ஊசி போட்ட சில நாளில், பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் தலை வெடிக்கிறது என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. இது புது விஷயமே இல்லை. 1898-இல் முதுகு ஊசி மயக்கத்தை முதன்முதலில் செய்து பார்த்த ஜெர்மன் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், தன் மீதே சோதனை செய்யச் சொல்லி, இந்தத் தலைவலியால் நாள் கணக்கில் படுக்கையில் கிடந்தார். இப்படி ஊசியால் வலி வந்தவர்களுக்கு ஓட்டை எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஊசி போட்ட இடம் தெரியும்.

சிக்கல், ஊசியும் இல்லாமல் அடியும் படாமல் தானாகவே ஒழுகத் தொடங்குகிறவர்களிடம்தான். இப்படி ஒன்று உண்டு என்று ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் கியார்க் ஷால்ட்டன்பிராண்ட் 1938-லேயே எழுதிவிட்டார். ஆனால் ஓட்டையைக் கண்ணால் காட்டும் கருவிகள் வர அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஆயின.

ஈரம் வேறு, வளை வேறு

தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு நண்டு வளை தெரியும். ராத்திரி கட்டிய தண்ணீர் காலையில் போய்ப் பார்த்தால் வடிந்திருக்கும். கீழ்வயல் ஓரம் நெடுக ஈரம். ஈரம் கண்ட இடத்திலெல்லாம் மண்ணை அப்பிப் பிரயோசனமில்லை. வளை எங்கோ ஒரு இடத்தில் விரல் அகலத்துக்கு இருக்கும். தண்டுவடக் கசிவிலும் கேள்வி இரண்டுதான்: நீர் வெளியே போகிறதா? போகிறது என்றால், எந்த இடத்தில்? முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் ஸ்கேன் இரண்டாவதற்குச் சொல்லாது. நோயாளிகளும், சில சமயம் மருத்துவர்களும் குழம்புவது இங்கேதான். “எம்ஆர்ஐ எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க” என்பதில், எந்த எம்ஆர்ஐ, எந்தக் கேள்விக்கு எடுத்தது என்பது விட்டுப்போகிறது.

முதலில் சாதா சிடி ஸ்கேன். தலைவலி என்றதும் நம் ஊரில் எடுப்பது இதுதான். திடீரென்று வந்த கடும் தலைவலியில் மூளையில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க அது அவசியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சிஎஸ்எஃப் கசிவைப் பொறுத்தவரை அது நார்மல் என்று வந்ததற்குப் பெரிய மதிப்பில்லை.

மூளைக்கு, மருந்து ஏற்றி எம்ஆர்ஐ

தேடல் உண்மையில் தொடங்குவது இங்கே. கையில் ஊசி வழியாகக் கடோலினியம் மருந்து ஏற்றி எடுக்கும் மூளை எம்ஆர்ஐ. மருந்து ஏற்றாமல் எடுத்தால் முக்கியமான அடையாளம் கண்ணில் படாமலே போகலாம். மூளையைச் சுற்றிய உறை, கசிவு உள்ளவர்களிடம் ஒரே சீராக வெள்ளைக் கோடு போல மின்னும். முன்பு சொன்ன ரத்தம் கோத்தல்தான் அது. சிரைகள் புடைத்திருக்கும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வீங்கி நிற்கும். அதைக் கட்டி என்று தவறாக எழுதிய ரிப்போர்ட்டுகளும் உண்டு. மூளையின் அடிப்பகுதி கீழே இறங்கி, பிறவிக் கோளாறான கியாரி போலத் தோற்றம் காட்டும். அதை நம்பிப் பின்மண்டையில் அறுவை செய்துவிட்டால் கசிவு அப்படியே இருக்கும், நோயாளிக்குப் புதிதாக ஒரு தழும்பு மட்டும் மிச்சம்.

இன்னொன்று, மூளைக்கும் உறைக்கும் நடுவே இரண்டு பக்கமும் நீரோ ரத்தமோ தேங்குவது. அடிபடாத, வயதும் ஆகாத ஒருவருக்கு இரு பக்கமும் இப்படித் தேங்கியிருந்தால், மண்டையில் துளை போட்டு வடிக்கும் முன் முதுகில் கசிவு இருக்குமோ என்று ஒரு தரம் யோசிக்க வேண்டும். தேக்கம் கூடி ஆள் மந்தமானாலோ, பேச்சுக் குழறினாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

இந்த அடையாளங்களை மனம்போனபடி எடைபோடாமல் இருக்க, பெர்ன் மதிப்பெண் என்று ஒரு முறை 2019-இல் வந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் உருவாக்கியது, மொத்தம் 9 புள்ளி. உறை மின்னுதல், சிரை புடைத்தல், பிட்யூட்டரிக்கு மேலுள்ள இடைவெளி 4 மி.மீ. அல்லது அதற்கும் கீழே சுருங்குதல் மூன்றுக்கும் தலா 2 புள்ளி. நீர்த் தேக்கத்துக்கும், மூளைத்தண்டைச் சுற்றிய இரண்டு அளவுகள் குறைவதற்கும் தலா 1. மொத்தம் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் முதுகில் கசிவு அகப்படும் வாய்ப்பு அதிகம். 2-க்குள் நின்றால் குறைவு.

குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. கசிவு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மூளை எம்ஆர்ஐ நார்மலாகவே வருகிறது. நாள்பட்ட கசிவில் உறை மின்னுவதும் மங்கிப்போகும், நின்றால் வலி படுத்தால் இல்லை என்கிற கணக்கும் குழம்பிப்போகும். இடுப்பில் ஊசி போட்டு நீரின் அழுத்தத்தை அளந்தால் தெரிந்துவிடாதா என்றால், அதுவும் ஏமாற்றும். 6 செ.மீ. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது கணக்கு. ஆனால் கசிவு உறுதியானவர்களிலும் பெரும்பாலோருக்கு அழுத்தம் சரியாகவே இருக்கிறது. அழுத்தம் நார்மல், அதனால் கசிவு இல்லை என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிடுவது நல்லது.

முதுகு முழுவதும் எம்ஆர்ஐ

அடுத்தது கழுத்திலிருந்து வால் எலும்பு வரை எம்ஆர்ஐ. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. உறைக்கு வெளியே நீர் நிற்கிறதா என்பதை மட்டும் பார்ப்பது.

நம் பக்கத்து ஸ்கேன் சென்டர்களில் இதில் ஒரு சிறு விஷயம் அடிக்கடி தவறிப்போகிறது. இடுப்பு எம்ஆர்ஐ எடுக்கும்போது ‘ஹோல் ஸ்பைன் ஸ்கிரீனிங்’ என்று நாலைந்து படம் கூடுதலாக எடுத்துக் கொடுப்பார்கள். டிஸ்க் எங்காவது பிதுங்கியிருக்கிறதா என்று பார்க்க அது போதும். கசிவுக்குப் போதாது. முதுகெலும்புக் கால்வாயில் உறைக்கு வெளியே கொழுப்பு இருக்கிறது. டி2 என்கிற சாதா எம்ஆர்ஐ பட வகையில் கொழுப்பும் வெள்ளை, நீரும் வெள்ளை. ஒழுகிய நீர் கொழுப்போடு கொழுப்பாக மறைந்துவிடும். அதனால் கொழுப்பை அமுக்கிக் காட்டும் டி2 படம் வேண்டும், நெடுக்கில் மட்டும் எடுக்காமல் குறுக்கிலும் வேண்டும். நீரை மட்டும் பளிச்சென்று காட்டும் எம்ஆர் மைலோகிராம் படமும் கூட எடுக்கலாம். சீட்டில் ‘சிஎஸ்எஃப் கசிவு சந்தேகம்’ என்று மருத்துவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், சென்டரில் உள்ளவர்கள் அதற்கேற்ப எடுப்பார்கள். ‘முதுகு வலி’ என்று மட்டும் எழுதினால் முதுகு வலிக்கான படம்தான் வரும்.

படத்தில் உறைக்கு வெளியே நெடுக நீர் தெரிந்தால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு எலும்பு நீளத்துக்கும் அது படர்ந்திருக்கலாம். ஓட்டையோ சில மில்லிமீட்டர். கழுத்தின் உச்சியில் முதல் இரண்டு எலும்புகளுக்குப் பின்னால் நீர் தேங்கிப் பளிச்சென்று தெரிவதும் உண்டு. அங்கேதான் ஓட்டை என்று தோன்றும். பெரும்பாலும் அங்கே இருக்காது. கீழே எங்கோ ஒழுகியது மேலேறி வந்து நிற்பது.

மூன்று விதப் பொத்தல்

தானாக வரும் கசிவில் ஓட்டைகள் முக்கியமாக மூன்று விதம். ஒன்று, தண்டுவடத்துக்கு முன்பக்கம். இரண்டு எலும்புக்கு நடுவிலுள்ள டிஸ்க்கில் முள் மாதிரி சுண்ணாம்பேறிய சிறு துருத்தல் வளர்ந்து உறையைக் கீறிவிடும். பெரும்பாலும் நெஞ்சுப் பகுதி முதுகில். இரண்டு, நரம்பு உறையை விட்டு வெளியேறும் பக்கவாட்டு இடத்தில் கிழிசல். இவ்விரண்டிலும் நீர் வெளியே தேங்கும், எம்ஆர்ஐயில் ஈரம் தெரியும்.

மூன்றாவதுதான் வெகுநாள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. நரம்பு வெளியேறும் இடத்தில் நீர்ப்பைக்கும் பக்கத்துச் சிரைக்கும் நேரடியாக வழி திறந்து, நீர் நேரே ரத்தத்துக்குப் போய்விடுகிறது. வயல் தண்ணீர் வடிகாலுக்குள்ளேயே இறங்கிவிட்டால் கீழ்வயலில் ஈரம் ஏது? முதுகு எம்ஆர்ஐயில் ஒன்றும் தெரியாது. 2014-இல்தான் இது மருத்துவ ஏட்டில் பதிவானது. அதற்கு முன், மூளை எம்ஆர்ஐயில் அடையாளம் எல்லாம் இருந்தும் முதுகில் ஒன்றும் இல்லாத நோயாளிகளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் மருத்துவர்கள் கையைப் பிசைந்தார்கள். மூளை ஸ்கேனில் அடையாளம் இருந்து முதுகு ஸ்கேன் சுத்தமாக இருந்தால், இன்று முதலில் சந்தேகப்படுவது இந்தச் சிரை வழியைத்தான்.

ஓட்டையையே படம் பிடிப்பது: மைலோகிராம்

இரண்டாவது கேள்விக்கு நீருக்குள்ளேயே மருந்து விட்டாக வேண்டும். இடுப்பில் மெல்லிய ஊசி போட்டு, அயோடின் கலந்த மருந்தைத் தண்டுவட நீரில் செலுத்தி, அது எங்கே உறையைத் தாண்டுகிறது என்று எக்ஸ்ரே அல்லது சிடியில் பார்ப்பது மைலோகிராம். கசிவைத் தேடப் போய் இன்னொரு ஓட்டை போடுவதா என்று கேட்பது நியாயமான கேள்வி. மெல்லிய ஊசியின் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். இருந்தாலும் அபாயம் இல்லாமலில்லை, அதனால்தான் இதை முதல் சோதனையாக வைப்பதில்லை.

பழைய முறையில் எக்ஸ்ரே அறையில் மருந்தைச் செலுத்தி, நோயாளியைத் தள்ளுவண்டியில் சிடி அறைக்குக் கொண்டுபோய், அரை மணியோ ஒரு மணியோ கழித்து ஸ்கேன் எடுப்பார்கள். மெதுவாக ஒழுகும் கசிவுக்கு அது சரி. முன்பக்க முள் கிழித்த ஓட்டையில் நீர் வேகமாக வெளியேறும். சிடி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் மருந்து மேலும் கீழும் படர்ந்து, முதுகு நெடுக வெள்ளையாகிவிடும். மறுபடியும் ஈரத்தைத்தான் பார்க்கிறோம், வளையை அல்ல.

அதனால் வந்ததுதான் ஓடும்போதே படம் பிடிக்கும் முறை. நோயாளியைச் சிடி மேசையிலேயே குப்புறப் படுக்க வைத்து, இடுப்பைத் தூக்கி வைத்து, மருந்தைச் செலுத்திய உடனே ஸ்கேன், சற்று விட்டு இன்னொரு ஸ்கேன் என்று வரிசையாக எடுப்பார்கள். மருந்து தண்டுவட நீரைவிடக் கனமானது; பள்ளம் பார்த்து ஓடும். முன்பக்க ஓட்டை என்றால் குப்புறப் படுக்க வைப்பது இதனால்தான். எந்த எலும்பு மட்டத்தில் முதலில் உறையைத் தாண்டுகிறதோ அதுதான் இடம். இது டைனமிக் சிடி மைலோகிராம்.

இதற்கு இணையானது டிஜிட்டல் சப்ட்ராக்‌ஷன் மைலோகிராம். மருந்து போகும் முன் ஒரு எக்ஸ்ரே படம், போகும்போது தொடர்ந்து பல படம். பின்னதிலிருந்து முன்னதைக் கணினி கழித்துவிட்டால் எலும்பெல்லாம் மறைந்து, மருந்தின் ஓட்டம் மட்டும் மிஞ்சும். நொடி நொடியாகப் பார்க்கலாம் என்பதால் வேகமான கசிவுக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் மூச்சை அடக்கி அசையாமல் கிடக்க வேண்டும். சில இடங்களில் முழு மயக்கம் கொடுத்தே செய்கிறார்கள். தோள் மறைக்கும் மேல் முதுகில் இதில் படம் தெளிவு குறையும், சிடி அங்கே மேல். எது சிறந்தது என்று மருத்துவர்களுக்குள்ளேயே பட்டிமன்றம் நடக்கிறது. என்னைக் கேட்டால், அந்த ஆஸ்பத்திரியில் எதைச் செய்து கை பழகியிருக்கிறார்களோ அதுவே சிறந்தது.

சிரை வழியைத் தேட நோயாளியை ஒரு பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். மருந்து அந்தப் பக்கத்து நரம்பு வாய்களில் தேங்கி, வழி திறந்திருந்தால் பக்கத்துச் சிரைக்குள் மெல்லிய வெள்ளைக் கோடாக ஏறும். அந்தக் கோட்டைத்தான் தேடுகிறார்கள். மறுபக்கத்தை இன்னொரு நாள் பார்க்க வேண்டியிருக்கலாம். உறிஞ்சு குழல் வழியாகச் சிரமப்பட்டு மூச்சை உள்ளிழுக்கச் சொல்லி அந்த நேரம் படம் எடுப்பதும் உண்டு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுச் சிரைகளில் அழுத்தம் குறைந்து, நீர் அந்தப் பக்கம் கூடுதலாகப் போகும். முன்பு முதுகில் ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்ட பலருக்கு இந்தச் சாய்த்துப் படுக்க வைக்கும் சோதனையில்தான் விடை கிடைத்தது.

அணுமருந்தை நீரில் விட்டு ஒரு நாள் வரை காமிராவில் தொடரும் சோதனை பழையது. மருந்து சீக்கிரமே மூத்திரப்பையில் தெரிந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று ஊகிக்கலாம். எங்கே என்பது மங்கல்தான். கடோலினியத்தைத் தண்டுவட நீரிலேயே விட்டு எம்ஆர்ஐ எடுப்பதும் சில இடங்களில் உண்டு. அது அந்த உபயோகத்துக்கு அனுமதி பெற்ற மருந்து அல்ல, அளவு மிஞ்சினால் மூளையைப் பாதிக்கும் என்பதால் எல்லோரும் தொடுவதில்லை.

எல்லோருக்கும் இவ்வளவும் தேவையா?

இல்லை. கதை தெளிவாக இருந்து மூளை எம்ஆர்ஐயும் ஒத்துப்போனால், ஓட்டையைத் தேடாமலே ஒட்டுப்போட்டுப் பார்ப்பது வழக்கம். நோயாளியின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, முதுகில் உறைக்கு வெளியே செலுத்துவார்கள். அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கோர்ம்லி 1960-இல் சொன்ன வைத்தியம் இது. அவர் செலுத்தியது 2, 3 மில்லிதான். இப்போது 10, 20 மில்லி அல்லது அதற்கு மேலும் போடுகிறார்கள். சிலருக்கு அதோடு தீர்ந்துவிடும். தீராதவர்களுக்கும், வலி திரும்பி வருகிறவர்களுக்கும்தான் மைலோகிராம். இடம் தெரிந்துவிட்டால் முள்ளை எடுத்து உறையைத் தைக்கலாம், அந்த இடத்திலேயே பசை போடலாம், சிரை வழி என்றால் குழாய் விட்டு உள்ளிருந்தே அடைக்கலாம்.

அடைத்த பிறகு சிலருக்கு வலி தலைகீழாக மாறும். இப்போது படுத்தால் வலிக்கும், உட்கார்ந்தால் தேவலை. ஒழுக்கு நின்று அழுத்தம் ஏறுவதால் வருவது இது. ‘சிகிச்சை பலிக்கவில்லை’ என்று இன்னொரு ஒட்டுக்கு ஓடாமல், இந்த மாற்றத்தை மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

எம்ஆர்ஐ வரை திருநெல்வேலி, பாளையங்கோட்டையிலேயே முடித்துக்கொள்ளலாம். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலோ தனியாரிடமோ நரம்பியல் மருத்துவரைப் பார்த்து அவர் சீட்டோடு போவது நல்லது. ஓடும்போதே எடுக்கும் மைலோகிராமுக்கு, நரம்புப் படம் எடுப்பதற்கென்றே தனிப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் அப்படிப்பட்ட பிரிவுகள் உண்டு. கிளம்பும் முன், சாய்த்துப் படுக்க வைத்து எடுக்கும் மைலோகிராம் அங்கே செய்கிறார்களா என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பயணத்துக்குப் பஸ் வேண்டாம், படுக்கை உள்ள ரயில் டிக்கெட்டாகப் போடுங்கள். நிமிர்ந்து உட்கார முடியாதவரை நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைப்பது பாவம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், மருந்து ஒவ்வாமை உள்ளவர், கர்ப்பிணி ஆகியோர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பழைய ஸ்கேன்களை எடுத்துப் போகும்போது பெரிய கவரில் உள்ள ஃபிலிமை மட்டும் நம்ப வேண்டாம். ஃபிலிமில் அச்சாவது தேர்ந்தெடுத்த சில படங்கள். மெல்லிய சிரைக் கோட்டையோ சிறு முள்ளையோ அதில் பார்க்க முடியாது. ஸ்கேன் சென்டரில் எல்லாப் படத்தையும் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ பதிந்து தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நாள் ஆனால் அவர்களிடமும் பழைய பதிவு இருக்காது.